மைத்துனன் வைத்த மீன்தொட்டி

திருப்பதியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்த என் மனைவி, கையிலிருந்த பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னாள்: “தம்பி கடையில மீனு வெச்சிக்கிறான்.”

நான் ஒரு குரூப் போட்டோவுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் தம்பி வைத்திருந்தது போட்டோ ஸ்டுடியோ. அதை மூடிவிட்டு மீன் கடை போட்டுவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“திருப்பதியில மீனு விக்கிறானா? ஜனங்க ஒதைக்க மாட்டாங்க?”

“ஐயோ, விக்கற மீனு இல்லீங்க. கண்ணாடிப் பொட்டியில உசுரோட வெச்சிக்கிறான். செவப்பு, கறுப்பு, வெள்ளின்னு கலர் கலரா கீது. அது பாட்டுக்கு மேலயும் கீழயும் போய்க்கினு வந்துக்கினு இருக்குது. போன நாள்லருந்து நான் அத்தப் பாத்துக்கினே ஒக்காந்துட்டேன்.”

சோறு போடும்போதும் அதே பேச்சு. மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டம்மாவிடமும் தெலுங்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என் ஸ்டுடியோவில் பதினைந்து வருஷமாக என்னென்னவோ இருந்தது. பெல்ஜியம் கண்ணாடி இருந்தது, வர்ணம் தீட்டிய திரைச்சீலை இருந்தது. அவற்றைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சித்தூர் கடைத்தெருவில் என் ஸ்டுடியோ. ஆந்திரா தனி மாநிலமாகி, சித்தூர் அதில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லையை எங்கே போடுவது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. இந்தத் தாலுகா எங்களுக்கு என்று ஒரு கமிட்டி, இல்லை எங்களுக்கு என்று இன்னொரு கமிட்டி. இரண்டு கமிட்டிக்காரர்களும் மாலை போட்டுக்கொண்டு என்னிடம்தான் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். அதனால் எனக்குக் குறையில்லை. எங்கள் வீட்டிலேயும் அந்த எல்லை ஓடியது. என் ஊர் சத்தியவேட்டுப் பக்கம், அன்றைக்கு மெட்ராஸ் மாநிலம். அவள் ஊர் திருத்தணிப் பக்கம், அன்றைக்கு ஆந்திரா.

என் மைத்துனன் என்னிடம்தான் தொழில் கற்றான். நெகட்டிவ் பிளேட் கழுவுவதிலிருந்து பிரிண்ட் போடுவது வரை நான் சொல்லிக் கொடுத்தது. பிறகு கல்யாணமாகி, திருப்பதி ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தான். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வருகிற குடும்பங்கள்தான் அவனுக்கு வாடிக்கை. நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். என்னை விட நல்லபடியாக இருப்பான் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம் போட்டோ பேப்பர் வாங்குகிற சாக்கில் திருப்பதிக்குப் போனேன்.

கடையில் கூட்டம். ஒரு பெஞ்சு நிறைய மொட்டைத் தலைகள், சந்தனம் இன்னும் காயவில்லை. ஒரு ஓரத்தில் அந்தத் தொட்டி. இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி, அடியில் மணல், மணலில் வேலம்பாசி. பாசிக்கு நடுவே கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பு மீன்கள், அதைவிடச் சின்னதாக வால் மட்டும் வர்ணமாக இருக்கிற மீன்கள், இரண்டு தங்க மீன்கள். வெயில் பின்பக்கமாக வந்து விழுந்ததில் தண்ணீர் பச்சையாக மின்னியது.

ஒன்றரை வயசுக் குழந்தை ஒன்று, புதிதாகச் சிரைத்த தலை எரிந்ததோ என்னவோ, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மைத்துனன் அதைத் தூக்கித் தொட்டியின் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தான். குழந்தை திரும்பிப் பார்த்தது. அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, கண் இமைக்காமல், ஒரு கறுப்பு மீன் போகிற பக்கமெல்லாம் பார்த்தது. இவன் அவசரமில்லாமல் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டினான். முடிந்தது.

ஷோகேஸில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தேன். என் தொழில் எனக்குத் தெரியும். நான் குழந்தைகளைப் படம் எடுக்கும்போது கிலுகிலுப்பை ஆட்டுவேன், “இங்க குருவி பாரு, குருவி பாரு” என்று கத்துவேன். என் படங்களில் குழந்தைகள் பயந்துபோய் இருக்கும், இல்லாவிட்டால் அசைந்து முகம் கலங்கியிருக்கும். இவன் படங்களில் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் ஒரு வெளிச்சம் இருந்தது.

“மாமா, எப்டி கீது தொட்டி?” என்றான் பின்னால் வந்து நின்று.

“இந்த மூலையில கண்ணாடி கீறி கீது பாரு” என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். “ஆமா மாமா. நீங்க சொல்லித்தான் பாக்கறேன். உங்க கண்ணு உங்க கண்ணுதான்.”

அவன் அதை நிஜமாகவே மரியாதையாகச் சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன். தொட்டி வைப்பது. அவனுடையதைவிடப் பெரிதாக வைப்பது. படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கிறவன் நான், கண்ணாடி அறுப்பது எனக்குக் கைவந்த வேலை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

கேட் செய்கிற ஆசாரியிடம் இரும்புச் சட்டம் அடிக்கக் கொடுத்தேன். பழைய அலமாரிக் கதவுகளின் தடித்த கண்ணாடியை வாங்கி, அளவெடுத்து நானே அறுத்தேன். சாக்பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து மக்கு தயார் செய்து, விளிம்பு விளிம்பாகத் தடவிக் கண்ணாடியைப் பதித்தேன். நாலு கால் உள்ள உயரமான தேக்கு மேஜை ஒன்றை ஸ்டுடியோ முன்கட்டில் போட்டு, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி தொட்டியை அதன்மேல் ஏற்றினேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

பாதி நிரம்புவதற்குள் ஒரு மூலையிலிருந்து கசிந்தது. பிறகு இன்னொரு மூலை. நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்க, என் மனைவி பாத்திரம் பாத்திரமாக மொண்டு வெளியே கொட்டினாள்.

“மக்கு காயறதுக்குள்ள ஊத்திட்டீங்க போல” என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

மறுபடி சுரண்டி, மறுபடி பூசி, இந்தத் தடவை காயவிட்டேன். நீவா ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து அலசினோம். எத்தனை தடவை அலசினாலும் கலங்கல் வந்துகொண்டே இருந்தது. அவள்தான் கடைசிவரை நின்று, தண்ணீர் தெளிவாக ஓடுகிற வரை அலசினாள். வேலம்பாசி ஏரியிலிருந்து வந்தது. தொட்டி தயார். மீன்தான் இல்லை.

மீனுக்கு மெட்ராஸ் போனேன். மூர் மார்க்கெட்டில் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்து விற்றார்கள். கறுப்பு மீனுக்கு மோலி என்றும் வர்ண வால் மீனுக்கு கப்பி என்றும் பெயர் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மைத்துனனிடம் இருந்ததைவிடப் பெரிய தங்க மீன்களாகப் பார்த்து, வால் புடவை முந்தானை மாதிரி விரிகிறதாகப் பொறுக்கினேன். கொஞ்சம் கப்பியும் கொஞ்சம் மோலியும் வாங்கினேன். வாயகன்ற மண்பானையில் விட்டு, ஈரத் துணியால் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தேன்.

பெட்டியில் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. திருத்தணி யாருக்கு என்று ஒரு தமிழ்க்காரரும் ஒரு தெலுங்குக்காரரும் குரல் கம்மும்வரை பேசினார்கள். பானைக்குள் ஏதோ துள்ளியது. தெலுங்குக்காரர் நிறுத்திவிட்டு, “ஏமண்டி அதி?” என்று பானையைப் பார்த்துக் கேட்டார். துணியை விலக்கிக் காட்டினேன். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். “கோயில் குளத்துல விடவா?” என்றார் தமிழ்க்காரர். “இல்ல, போட்டோ எடுக்க” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சித்தூர் பஸ்ஸுக்குத் திருத்தணியில் இறங்க வேண்டும். இறங்கியவன் மாமியார் வீட்டில் தலையைக் காட்டாமல் போக முடியாது. மாமியார் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுக்காவா மாப்ள மெட்ராசு வரிக்கும் போனீங்க? அவங்கிட்ட கேட்டிருந்தா அவனே புடிச்சி குடுத்திருப்பானே. குட்டி குட்டியா போட்டுக் கீதாமே அவன் தொட்டியில.”

மோர் கொடுத்தார். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றி, பானையோடு மீன்களைக் கவிழ்த்தேன். அடடா, என்ன அழகு! தெருவில் போன சைக்கிள்காரன் இறங்கி நின்றான். எதிர்க்கடைச் செட்டியார் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். என் மனைவி நெடுநேரம் பார்த்துவிட்டு, “தங்க மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது” என்றாள்.

“பசி” என்றேன்.

பசி இல்லை. மறுநாள் காலையில் தங்க மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. சாயங்காலத்துக்குள் மோலிகளும் போய்விட்டன. கப்பிகள் சில மட்டும் பாசிக்குள் ஒடுங்கிக்கொண்டு உயிரோடு இருந்தன.

நான் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் செத்த மீன்களைக் கரண்டியால் எடுத்து, முருங்கை மரத்தடியில் குழி பறித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

“தம்பி தண்ணியப் புடிச்சி ரெண்டு நாளு வெயில்ல வெப்பான். அவசரம்னா ஹைபோ ஒரு சிட்டிக போடுவான். கொழாத் தண்ணியில மருந்து கலக்கறாங்க இல்ல, அது முறிஞ்சிடுமாம்.”

ஹைபோ! பிளேட் கழுவுவதற்கு மூட்டையாக வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். அதை அவனுக்குக் கரைக்கக் கற்றுக் கொடுத்தவனே நான்.

“இத்த ஏன் முன்னாடியே சொல்லல?”

“எங்க சொல்ல வுட்டீங்க? தம்பின்னு வாயத் தொறந்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறீங்க.”

அதற்குமேல் தொட்டியை நான் தொடவில்லை. அவள் தொட்டாள். தண்ணீரை அண்டாவில் பிடித்து முற்றத்தில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். முட்டையின் மஞ்சள் கருவை அவித்துப் பொடித்து, விரல் நுனியில் எடுத்துத் தூவினாள். ஒடுங்கிக் கிடந்த கப்பிகள் வெளியே வந்தன. ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அவள் போட்ட சத்தத்தில் நான் முகத்தில் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தேன். பாசிக்குள் கண்ணும் வாலுமாக, எள் தெளித்த மாதிரிக் குஞ்சுகள்.

“பெரிசுங்க துன்னுப்புடும், சீக்கிரம்!” என்று டெவலப்பர் ஊற்றுகிற என் எனாமல் தட்டை எடுத்துக் கழுவி, குஞ்சுகளை அதில் மொண்டு விட்டாள். நான் அன்றைக்கு பிரிண்ட் போட வேறு தட்டு தேட வேண்டியிருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் கூடினார்கள். குழந்தைகளும் முன்பைவிட அமைதியாக உட்கார்ந்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வருகிறவர்கள் என்னைக் கேட்கவில்லை. “அம்மா இல்லையா?” என்று கேட்டார்கள். ஆபீசர் வீட்டுப் பெண்கள் வந்தால் அவளோடு தெலுங்கில் ஒரு மணி நேரம் பேசுவார்கள், எப்படி வளர்க்கிறாய், என்ன போடுகிறாய் என்று. என் தெலுங்கு கடைத்தெருத் தெலுங்கு, அவள் தெலுங்கு சரளம். ஜாடியில் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு போகும்போதுதான் கறுப்புத் துணிக்குள் நான் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரும்.

மைத்துனன் வந்தால் இன்னும் மோசம். அக்காளும் தம்பியும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஒருநாள் நான் டார்க் ரூமில் சிவப்பு விளக்கடியில் ஒரு கல்யாணப் படத்தை டெவலப்பரில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அவர்கள் பேச்சு.

“அந்த நொண்டி மீனு எங்கடா?”

“அது இப்ப நாட்டாமயாட்டம் சுத்திக்கினு கீதுக்கா. மத்ததெல்லாம் அதுக்கு வழி வுடுது.”

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டிருக்கிறேன். அப்புறம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அவள் சிரித்தது தம்பியோடு. பேசியது மீனைப் பற்றி. அந்தத் தொட்டியின் கண்ணாடியை அறுத்தவன் நான். கீழே பார்த்தபோது தட்டில் அதிக நேரம் கிடந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கரியாகிப் போயிருந்தார்கள்.

ஒருவழியாக எல்லையைப் பிரித்தார்கள். அவள் ஊர் திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போனது. என் ஊர் சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. “உங்க ஊரு இங்க வந்துட்ச்சி, எங்க ஊரு அங்க போய்ட்ச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் மாத்திக் குடுத்துட்டாங்க” என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

அந்த வருஷமே மைத்துனன் திருப்பதிக் கடையை விட்டுவிட்டான். மாமனாருக்கு முடியவில்லை. “நைனா தனியா கஷ்டப்படறாரு மாமா. திருத்தணியிலயும் கோயிலு கீது, மொட்ட போடறாங்க. அங்கியே போட்டுக்கறேன்” என்றான். போகிறபோது அவன் தொட்டியை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். “அங்க புதுசா வெச்சிக்கறேன். இத்த அக்கா பாத்துக்கட்டும். கீறின கண்ணாடி, ரொம்ப தூரம் தாங்காது.”

ஆக என் ஸ்டுடியோவில் இரண்டு தொட்டிகள். தேக்கு மேஜைமேல் என்னுடையது, திருப்பதியிலிருந்து கூடவே வந்த குட்டை ஸ்டூல்மேல் அவனுடையது. என்னுடையது ஒன்றரை மடங்கு பெரிது. அதற்குள் தங்க மீன்களும் மறுபடி வாங்கி விட்டிருந்தோம். ஆனால் கடைக்குள் வருகிற ஒவ்வொரு குழந்தையும் நேராக அவன் தொட்டிக்குத்தான் ஓடியது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. என் தொட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. தங்க மீன்களையெல்லாம் என் தொட்டிக்கும் கப்பிகளை அவன் தொட்டிக்குமாக மாற்றினேன். அப்போதும் குழந்தைகள் அவன் தொட்டிக்குத்தான் ஓடின. பாசியை மாற்றினேன். மேஜையோடும் ஸ்டூலோடும் இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். ம்ஹும். கடைசியில் ஒருநாள், கடையில் யாரும் இல்லாதபோது, விழுந்த பென்சிலை எடுக்கக் கீழே உட்கார்ந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். என் தொட்டியில் தெரிந்தது மேஜையின் விளிம்பும் இரும்புச் சட்டமும்தான். மீன் ஒன்றுகூடத் தெரியவில்லை. திரும்பி அவனுடையதைப் பார்த்தேன். ஒரு கப்பி என் மூக்குக்கு நேரே நின்று என்னைப் பார்த்தது.

குழந்தை நிற்கிற உயரத்தில் அவனுடையது. பெரியவர்கள் நின்று பார்க்கிற உயரத்தில் என்னுடையது. அவ்வளவுதான் விஷயம். அன்றே தச்சு ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்கு மேஜையின் கால்களை அறுக்கச் சொன்னேன்.

“நல்ல மேஜையாச்சே!” என்று பதறினாள் மனைவி. காரணத்தைச் சொன்னேன். தானும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். “அட, நெசந்தான். எனக்குத் தோணவே இல்ல பாருங்க” என்றாள். அன்று முழுக்க எனக்கு நடை கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

திருத்தணியில் அவன் கடை திறந்தபோது இரண்டு பேரும் போனோம். புதுத் தொட்டிக்குக் கண்ணாடியை நான்தான் அறுத்து, வைக்கோல் சுற்றி எடுத்துப் போனேன். அவள்தான் கேட்டாள், முடியாது என்று சொல்ல முடியவில்லை. மக்கு பூசி, காயவிட்டு, வேலை முடிந்தபிறகு அவன் சுவரைக் காட்டிக் கேட்டான். தோள் உயரத்தில் பலகை அடித்து வைத்திருந்தான்.

“இங்க வெக்கலாமா மாமா?”

நான் கையில் ஒட்டிய மக்கைத் துடைத்துக்கொண்டேன். அங்கேயே வைக்கட்டும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டுமே.

“அங்க வேணாண்டா, கொழந்தைங்க ஒயரத்துக்கு வெய்” என்றாள் அவள் சட்டென்று. “உங்க மாமாதான் கண்டுபுடிச்சாரு. திருப்பதியில நீ அப்டி வெச்சதாலதான் கொழந்தைங்க அசையாம பாத்துக்கினு இருந்ததுங்க.”

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். “அப்டியா மாமா? எனக்குத் தெரியாதே. அன்னிக்கி எங்கிட்ட இருந்தது அந்த ஒரு ஸ்டூலுதான். வேற எதுவும் இல்ல, அதனால வெச்சேன்.”

வேறு எதுவும் இல்லாததால் வைத்தானாம். நான் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, நல்ல தேக்கு மேஜையின் காலை அறுத்துக் கண்டுபிடித்தது, அவனுக்குத் தானாக வந்து அமைந்திருக்கிறது. அந்த அதிர்ஷ்டத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

“மாமா மூள மாமா மூளதான்” என்று சொல்லிக்கொண்டே அவன் சுத்தியலை எடுத்து அடித்த ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். பலகையின் ஒரு முனை தொங்கியது. “ஒரு கை புடிங்க மாமா” என்றான். போய்ப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு கீழே என்று அவன் கேட்டான். நான் கையை என் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினேன். அவள் வந்து, “இன்னும் கொஞ்சம்” என்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.